தன்னை எண்ணாத நகைப்பு

மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்த தொல்காப்பியர் நகையையே முதலாவதாக வைத்தார். அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கினுள் எள்ளலை முதலாவதாக வைத்தார். உரையாசிரியரான பேராசிரியர் இன்னும் ஒரு படி சென்று எள்ளலையே இரண்டாகப் பகுத்துக் காண்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சேர்ந்து நகுவது மற்றொன்று. முதல் வகை எளிது, இரண்டாவது அரிது. அங்கதக் கலையின் தரத்தை அளக்க இதைவிடச் சிறந்த கோல் நமக்குக் கிடைக்குமா என்பது ஐயமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுக்கலை இந்தக் கோலுக்கு ஒரு புதிய வேலையைக் கொடுத்தது. அதற்கு முன் கேலி என்பது ஊர்ச் சாவடியில் பிறந்து ஊர்ச் சாவடியிலேயே அடங்கியது. அச்சுப்படம் வந்தபின் ஒரு நகரத்தில் வரைந்த கேலி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் ஒரே வாரத்தில் நுழைந்தது. நுழைந்து, அவ்வீடுகளில் வாழ்ந்த நடுத்தர மக்களையே பெரும்பாலும் கேலி செய்தது. கேலிக்கு உள்ளானவர்களே காசு கொடுத்து அதை வாங்கினார்கள் என்பதுதான் வியப்பு. பாரிசிலும் கல்கத்தாவிலும் நடந்த இந்தக் கலையையும், அதே காலத்தில் தமிழில் நிகழ்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பது விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பயன் தரும் என்று நினைக்கிறோம்.

பாரிசின் கல்லச்சு

ஒனோரே தோமியே 1808-இல் மார்செய் நகரில் பிறந்தவர். தந்தை கண்ணாடிச் சட்டம் பொருத்தும் தொழிலாளி. கவிஞராகப் பெயர் பெறும் ஆசையோடு குடும்பத்தைப் பாரிசுக்கு அழைத்து வந்தவர். வறுமை காரணமாகச் சிறு வயதிலேயே தோமியே நீதிமன்ற அமீனா ஒருவரிடம் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். கறுப்பு அங்கிகளையும், வாய்தா கேட்டு நிற்கும் ஏழைகளையும் அவர் முதலில் கண்டது அங்கேதான்.

அவருக்குக் கிடைத்த கருவி கல்லச்சு. பவேரியாவில் செனஃபெல்டர் 1790-களின் இறுதியில் கண்டறிந்த முறை அது. சுண்ணாம்புக் கல்லின் வழவழப்பான பரப்பில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து மை உருட்டினால், கோடு விழுந்த இடம் மட்டுமே மையைப் பற்றும். செம்பிலோ மரத்திலோ நாட்கணக்கில் செதுக்க வேண்டியதில்லை. காகிதத்தில் வரைவது போலவே கல்லில் வரையலாம். இன்று வரைந்ததை விரைவிலேயே இதழில் சேர்க்கலாம். ஷார்ல் ஃபிலிப்போன் என்பவர் 1832 டிசம்பரில் தொடங்கிய ‘லெ ஷாரிவாரி’ நாளிதழ் இந்த விரைவை நம்பியே நடந்தது. தகாத திருமணம் நடந்த வீட்டின் முன் பாத்திரங்களைத் தட்டி ஊரார் எழுப்பும் இரைச்சலுக்கு அந்நாட்டில் வழங்கும் பெயரே இதழுக்கும் பெயராயிற்று.

தொடக்கத்தில் தோமியேயின் கேலி அரண்மனையை நோக்கிப் பாய்ந்தது. மக்களின் காசைக் கூடை கூடையாக விழுங்கும் அரக்கனாக மன்னர் லூயி பிலிப்பை அவர் 1831-இல் வரைந்தார். 1832-இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1834 ஏப்ரலில் பாரிசில் டிரான்ஸ்நோனேன் தெரு வீடொன்றில் படைவீரர்கள் குடியிருந்தவர்களைக் கொன்றபோது, படுக்கையருகே இறந்து கிடக்கும் ஒரு தொழிலாளியையும் அவர் உடலுக்கடியில் நசுங்கிக் கிடக்கும் குழந்தையையும் வரைந்தார். அந்தப் படத்தில் கேலி என்பது ஒரு கோட்டளவும் இல்லை. 1835 செப்டம்பரில் வந்த சட்டம் அரசியல் கேலிச்சித்திரத்தை முடக்கியது.

அதன்பின் நிகழ்ந்ததுதான் நம் கருத்துக்கு உரியது. அரசனைத் தொட முடியாத தோமியே அரசனின் குடிமக்களைத் தொட்டார். புரட்டுக்காரன் ரொபேர் மக்கேர் வங்கி முதலாளியாகவும் வக்கீலாகவும் மருத்துவராகவும் வேடம் மாற்றி வரும் வரிசை 1836-இல் தொடங்கியது. ‘நீதித்துறையினர்’ வரிசை 1845-இலும், ‘நல்ல நடுத்தர மக்கள்’ வரிசை 1846-இலும் தொடங்கின. வாழ்நாளில் அவர் வரைந்த கல்லச்சுப் படங்கள் ஏறத்தாழ 4,000.

நீதிமன்றப் படங்களில் ஒன்றைச் சொன்னால் போதும். வழக்கில் தோற்ற பெண் அழுதுகொண்டு வெளியே வருகிறாள். அருகில் நடக்கும் வக்கீல், வழக்கு போனால் என்ன, தம்முடைய வாதத்தைக் கேட்ட இன்பம் அவளுக்குக் கிடைத்ததல்லவா என்று ஆறுதல் கூறுகிறார். அவரது முகவாய் உயர்ந்திருக்கிறது. அங்கி காற்றில் பறக்கிறது. வக்கீலின் தற்பெருமையைத் தாங்கி நிற்பது அந்தப் பெண்ணின் கண்ணீர். அதை அகற்றிவிட்டால் படம் வெறும் நையாண்டி. தோமியே அதை அகற்றவில்லை.

ஆனால் 1844-இல் வெளிவந்த வேறொரு வரிசையையும் நாம் மறைக்கக் கூடாது. எழுதப் புகுந்த பெண்களைக் கேலி செய்யும் நாற்பது படங்கள் அவை. ஒன்றில் தாய் எழுத்தில் மூழ்கியிருக்கிறாள். குழந்தை குளியல் தொட்டியில் தலைகீழாக மூழ்கியிருக்கிறது. வரைந்த கை அதே கைதான், திறமையிலும் குறைவில்லை. ஆயினும் இந்தச் சிரிப்பில் ஏதோ கசக்கிறது. வக்கீலைக் கேலி செய்தபோது ஓவியர் வலியவனை எதிர்த்து நின்றார். எழுதும் பெண்ணைக் கேலி செய்தபோது, ஏற்கெனவே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கணவன்மாரோடு போய் அமர்ந்துகொண்டார். சந்தாதாரர்கள் மகிழ்ந்திருப்பார்கள், அவர்களுக்கு அதில் எந்த இழப்பும் இல்லை.

கல்கத்தாவின் படக்கடைகள்

இதே நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகாட் கோவிலருகே யாத்திரிகர்களுக்குப் படம் விற்ற ஓவியர்கள் ஆலைக் காகிதத்தில் நீர்வண்ணத்தால் விரைந்து வரைந்தார்கள். நகரின் வடபகுதியில் பட்டாலா என்ற அச்சுக்கூடப் பகுதியில் மரச்செதுக்குப் படங்களும் மலிவாக அச்சாயின. இரு சாராரும் தெய்வங்களை வரைந்தார்கள். கூடவே ‘பாபு’வையும் வரைந்தார்கள்.

ஆங்கிலேயரின் கீழ் ஊழியம் பார்த்தோ, மூதாதையர் சொத்தை அழித்தோ வாழ்ந்த புதிய நகரவாசி இந்த பாபு. கரை வைத்த வேட்டி, தோளில் சால்வை, காலில் பூட்ஸ், வாரிவிட்ட முடி, கையில் ஹூக்கா. சில படங்களில் நாயகி அவனை ஆடாக மாற்றிக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்கிறாள். இன்னொரு புகழ்பெற்ற படத்தில் நெற்றியில் சமயக் குறி தரித்த பூனை வாயில் இறாலைக் கவ்வி நிற்கிறது. புலால் மறுத்தவராக வேடமிடும் போலித் துறவியைக் குறித்த கேலி அது. இப்படங்களில் பல இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. லாக்வுட் கிப்ளிங் திரட்டிய தொகுதியை அவர் மகன் ரட்யார்ட் கிப்ளிங் 1917-இல் அங்கே அளித்தார்.

1873-இல் தாரகேசுவரத்தில் நடந்த ஒரு கொலை இந்த ஓவியர்களுக்குப் பெரும் சரக்காயிற்று. பதினாறு வயது எலோகேசியை ஊர்க் கோவிலின் மகந்து கெடுத்தான் என்ற செய்தி, கல்கத்தாவில் வேலை பார்த்த அவள் கணவன் நபீனுக்கு எட்டியது. அவன் அரிவாள்மனையால் அவளைக் கொன்றுவிட்டுச் சரணடைந்தான். மகந்துக்கு மூன்றாண்டுக் கடுங்காவல், நபீனுக்கு நாடுகடத்தல். மக்கள் திரண்டு மனுச் செய்ததால் நபீன் 1875-இல் விடுதலையானான். சிறையில் மகந்து செக்கிழுக்கும் காட்சியை ஓவியர்கள் மகிழ்ச்சியோடு வரைந்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கோவில் செல்வத்தின் மேல் அமர்ந்திருந்தவன் செக்கு மாட்டின் இடத்துக்கு வந்தான்.

எலோகேசி என்ன ஆனாள்? கடைவீதிப் படங்களில் அவள் பெரும்பாலும் வெற்றிலை நீட்டும் சிங்காரியாகவே காட்சி தருகிறாள். கொல்லப்பட்டவள் குற்றத்தின் கூட்டாளியாகிறாள். கணவன் கண்ணீரோடு வீடு திரும்ப ஊரே மனுப் போட்டது. அவளுக்காக மனுப் போட யாரும் இல்லை. ஓவியனும் போடவில்லை. பாரிசின் எழுதும் பெண்ணுக்கும் வங்கத்தின் எலோகேசிக்கும் நேர்ந்தது ஒன்றே. மேலே எறிந்த கல் குறி தவறினால் கீழே நிற்பவர் தலையில் விழுகிறது.

தமிழில் பிறந்த நகை

தமிழுக்கு வருவோம். அரசியல் கருத்துப்படங்களைத் தமிழ் இதழியலில் முதன்முதலாகக் கொணர்ந்த பெருமை பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழுக்கு உரியது. அது 1906-இல் சென்னையில் தோன்றி, 1908 முதல் 1910 வரை புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நடுத்தர வாழ்க்கையைத் தீட்டிய கூர்மையான அங்கதத்தை நாம் உரைநடையில்தான் தேட வேண்டும். அதைத் தந்தவர்களுள் முதல்வர் நம் திருச்சபையின் மகனான மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அந்த ஆண்டிலேயே பிப்ரவரி மாதம், கண்பார்வை மங்கி, ஓவியர் கோரோவின் உதவியால் கிடைத்த சிறு வீட்டில் தோமியே காலமானார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். இவை தற்செயலான ஒற்றுமைகள். தற்செயல் என்று தள்ள முடியாத ஒற்றுமை வேறொன்று உண்டு. இருவரும் நீதிமன்றத்தை உள்ளிருந்து கண்டவர்கள். ஒருவர் அமீனாவின் எடுபிடி. மற்றவர் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்து முன்சீப்பாக உயர்ந்தவர்.

வேதநாயகரின் நூலில் வரும் ஒரு கேலியை எண்ணிப் பார்ப்போம். நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், வழக்காடும் இருவரும் தமிழர். வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடக்கிறது. தன் வீடும் நிலமும் பற்றிப் பேசப்படும் பேச்சு கட்சிக்காரனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தோமியேயின் அழும் பெண்ணும் வேதநாயகரின் விழிக்கும் கட்சிக்காரனும் உடன்பிறந்தவர்கள். இருவரையும் தோற்கடித்தது எதிர்க்கட்சி மட்டுமன்று. தம் சொந்த வக்கீலின் நாவன்மை. ஆனால் வேதநாயகரின் கேலிக்கு ஒரு கூடுதல் எடை இருக்கிறது. அவர் கேலி செய்த மன்றத்தில் நீதிபதியின் நாற்காலி அவருடையது. ஆங்கிலம் கற்றுப் பதவி பெற்ற வகுப்பைச் சாடியபோது தம் வகுப்பையே சாடினார்.

இன்னொரு வேறுபாடு அதனினும் பெரிது. பாரிசின் ஓவியர் எழுதும் பெண்ணைக் கண்டு சிரித்தார். வேதநாயகரோ 1869-இலேயே ‘பெண்மதி மாலை’ எழுதிப் பெண்கல்விக்காக வாதாடியவர். அவருடைய புதினத்தில் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் நாடாளுகிறாள். நாயகனைவிட அவளே அறிவிற் சிறந்தவள். நாயகனான பிரதாபன் தன் அசட்டுத்தனங்களைத் தானே சொல்லிச் சிரிக்கிறான். பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகை எள்ளல் தமிழ்ப் புதினத்தின் தொடக்கத்திலேயே இவ்வாறு இடம் பெற்றுவிட்டது. கலைத்திறனில் தோமியேயின் கோடு ஈடில்லாதது. வேதநாயகரின் உரைநடையில் போதனை மிகுந்து கதை தளரும் இடங்கள் பல உண்டு. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்ற தெளிவில் மாயூரத்து முன்சீப் பாரிசின் மேதையை வென்றுவிடுகிறார்.

இலண்டன் சென்ற குரு

தமிழ் அங்கதம் ஒன்று ஆங்கிலேயரின் அச்சுப்படமாக மாறிய கதையும் உண்டு. வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’ 1822-இல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. 1861-இல் அங்கேயே அதன் அலங்காரப் பதிப்பு ஒன்று வெளிவந்தது. ஆல்பிரட் குரோகுவில் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் அதற்கு ஐம்பது மரச்செதுக்குப் படங்களை வரைந்தார். ‘பஞ்ச்’ என்ற புகழ்பெற்ற கேலி இதழின் தொடக்க காலத்தில் அதற்குப் படம் வரைந்தவர் அவர். பரமார்த்தர் ஆங்கிலத்தில் ‘அப்பாவி குரு’ ஆனார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய சீடர்களும் முட்டாள்தனத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்கள் பெற்றார்கள்.

இதில் என்ன மாறியது? வீரமாமுனிவர் தம் கதையில் குருக்களை எள்ளியபோது அவரும் துறவுக் கோலம் பூண்டிருந்தார். அவரைச் சுற்றியும் சீடர்கள் இருந்தார்கள். விருத்தாசலம் அருகே கோணாங்குப்பத்தில் வாழ்ந்த அவரை மக்கள் முனிவர் என்றே அழைத்தார்கள். குருவைப் பற்றிய கேலி அவர்மீதும் சிறிது படாமல் போகாது. கதையைச் செவிவழி கேட்கும் தமிழ்க் குடும்பமோ பரமார்த்தருக்குத் தனக்குத் தெரிந்த ஒரு முகத்தைக் கொடுத்துக்கொள்கிறது: ஓர் உறவினர், ஓர் ஆசிரியர், சில வேளை வீட்டுத் தலைவரே. சொல்லுக்கு அந்த வசதி உண்டு. மடமைக்கு அது உடை தைத்துப் போடுவதில்லை. படத்துக்கு அந்த வசதி இல்லை. படம் வரைய வேண்டுமானால் தலைப்பாகையும் தாடியும் வேட்டியும் வரைந்தே ஆக வேண்டும். வரைந்தவுடன் மடமை ஒரு நாட்டாருக்கு உரியதாகிவிடுகிறது. 1861-இல், பெருங்கிளர்ச்சி அடங்கிய சில ஆண்டுகளுக்குள், அந்நூலைப் பிரித்த இலண்டன் வாசகருக்கு அது தம்மைப் பற்றியது என்று தோன்றியிருக்க வழியில்லை. பிறரை எள்ளும் முதல் வகை நகையாக அது சுருங்கிப்போயிற்று.

அக்கதையில் ஆற்றைக் கடந்த சீடர்கள் தங்களை எண்ணிப் பார்க்கும் இடம் அனைவரும் அறிந்ததே. எண்ணுகிற ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணுகிறான். ஒருவன் ஆற்றோடு போனான் என்று அனைவரும் அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்துதான் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. குழந்தைகள் சிரிப்பதற்காகவே நாம் இதைச் சொல்லிவருகிறோம். கேலிக் கலை முழுவதற்கும் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. எண்ணுபவன் தன்னையும் சேர்த்து எண்ணாதவரை அவன் கணக்கு தவறாகவே இருக்கும்.

கூட்டத்தின் நடுவே

தோமியே இதை அறியாதவர் அல்லர். 1862-க்குப் பின் அவர் தீட்டிய ‘மூன்றாம் வகுப்புப் பெட்டி’ ஓவியத்தில் கேலி செய்யப்படுபவர் யாருமில்லை. மரப்பலகையில் பால் கொடுக்கும் தாய். கூடையை மடியில் வைத்த மூதாட்டி. சாய்ந்து உறங்கும் சிறுவன். அவர்களுக்குப் பின்னால் உயர்ந்த தொப்பி அணிந்த நடுத்தர மனிதர்கள் முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார்கள். முப்பதாண்டுகள் தொப்பிக்காரர்களை வரைந்த கை, இப்போது அவர்கள் பாராத முகங்களின் பக்கம் வந்து அமர்ந்துவிட்டது. நம் நாட்டு இரயில்களில் மூன்றாம் வகுப்பு 1974-இல் நீக்கப்பட்டது. விழுப்புரம் சந்திப்பில் முன்பதிவில்லாப் பெட்டியின் வாயிலை ஒரு முறை உற்று நோக்குபவர்களுக்கு அந்த ஓவியத்தின் விளக்கவுரை தேவைப்படாது.

ஏறத்தாழ 1850-இல் அவர் தொடங்கி முடிக்காமல் விட்ட ஓவியம் ஒன்று ஜெர்மனியில் எஸ்ஸன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பிலாத்து இயேசுவைக் கூட்டத்துக்குக் காட்டும் காட்சி அது. கட்டுண்டவர் மேலே அசையாமல் நிற்கிறார். கீழே கூட்டம் கூச்சலிடுகிறது. முன்பக்கத்தில் ஒருவன் தன் குழந்தையைக் கையிலெடுத்து அந்த வேடிக்கையைக் காட்டிக்கொடுக்கிறான். கேலியை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் தந்தை அவன். தன் வாழ்நாளெல்லாம் கேலியை வீடுகளுக்கு அனுப்பிவந்த ஓவியர் அவனை வரைந்தபோது என்ன எண்ணினாரோ! முள்முடியும் செவ்வாடையும் அரசனைப் பகடி செய்யவே சூட்டப்பட்டன என்பதை நாம் அறிவோம். உரோமை நகரின் பாலத்தீன் குன்றில் 1857-இல் கண்டெடுக்கப்பட்ட சுவர்க் கிறுக்கலில், சிலுவையில் தொங்கும் உருவத்துக்குக் கழுதைத் தலை போடப்பட்டிருக்கிறது. அதன்முன் கைதூக்கி நிற்கும் கிறிஸ்தவனைக் கேலி செய்யும் வாசகமும் உண்டு. சிலுவைக் காட்சியின் மிகப் பழைய உருவங்களுள் ஒன்று கேலிச்சித்திரமாக இருப்பதை நாம் மறக்கலாகாது. கேலி செய்யப்பட்டவரைப் பின்பற்றுவோர் கேலி செய்யும் உரிமையைக் கவனத்தோடு கையாள வேண்டியவர்கள்.

நம் வீட்டு வாயிலில்

இன்று கல்லச்சுக்கூடம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. கைப்பேசியில் காலை எழுந்ததும் பத்துக் கேலிப்படங்கள் வருகின்றன. அவற்றை நாம் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அவற்றின் பாத்திரங்களைச் சற்று நிறுத்திப் பார்த்தால் பழைய முகங்களே தெரிகின்றன. சமைக்கத் தெரியாத படித்த மருமகள், ஆங்கிலம் தடுமாறும் சிற்றூர்க்காரர், நிறம் குறைந்த பெண், வடக்கிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி. சாதியின் பெயரைச் சொல்லாமல் தொழிலையோ பேச்சையோ சொல்லிச் சிரிக்கும் படங்களும் உண்டு; சாதிப் பாகுபாட்டின் வடு பங்குகளிலும் கல்லறைகளிலும் இன்னும் ஆறாத நம் பகுதியில் அச்சிரிப்பு விளையாட்டன்று. வேலைக்குக் கடன் வாங்கி இலஞ்சம் கொடுத்தவரும், மகளுக்கு நூறு பவுன் போட்டு மகனுக்கு இருநூறு கேட்டவரும், திருவிழா விளம்பரப் பலகையில் தம் முகத்தைப் புனிதரின் முகத்தைவிடப் பெரிதாகப் போட்டுக்கொண்டவரும் அப்படங்களில் அரிதாகவே வருகிறார்கள். ஏனெனில் அவர்கள் நாம். எண்ணிக்கையில் விடுபடும் ஆள் இன்றும் எண்ணுபவனே.

இதற்கு மாற்று மருந்தை வெளியூரில் தேட வேண்டியதில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். அவன் துரியோதனனின் ஏவலாள். அரசன் முன் பணிந்து நிற்பவன். ஆயினும் அரசனின் ஆணவத்தைக் கூத்துக் களத்திலேயே கேலி செய்பவன். ஊர்ப் பெரிய மனிதர்களையும் விட்டுவைக்க மாட்டான். அவனுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? திரைக்கு முன் வந்தவுடன் அவன் கேலி செய்வது தன்னைத்தான்: தன் உடையை, தன் பசியை, தன் அறியாமையை. தன்னை முதலில் எண்ணிவிட்டவன் பிறரை எண்ணும்போது ஊர் அவனை வெறுப்பதில்லை. பேராசிரியர் உரையில் கண்ட இரண்டாம் வகை எள்ளல் விடிய விடிய நம் மண்ணில் நடித்துக் காட்டப்படுகிறது.

பங்கு இளைஞர் மன்றங்கள் திருவிழாவுக்கு நகைச்சுவை நாடகம் எழுதும்போதும், நாம் ஒரு கேலிப்படத்தை அடுத்தவருக்கு அனுப்பும்போதும், இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இதில் அழுதுகொண்டிருப்பவர் யார், அவர் படத்தில் இருக்கிறாரா, அல்லது அகற்றப்பட்டுவிட்டாரா? இதில் எங்காவது நம் முகம் இருக்கிறதா? இரண்டுக்கும் விடை கிடைத்தபின் நாம் தாராளமாகச் சிரிக்கலாம். நகையை மெய்ப்பாடுகளின் தலையில் வைத்த மொழி நம்முடையது. சிரிக்காதவர்களை அது போற்றவில்லை.